தலை சாய்க்க ஓரிடம்

பாளையங்கோட்டை வட்டத்தில், சீவலப்பேரிக்கு அருகே, மறுகால்தலை என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள குன்றின் இயற்கைக் குகையில், பாறைத் தரையைச் செதுக்கி வழுவழுப்பாக்கிய படுக்கைகள் காணப்படுகின்றன. இத்தகைய குகைகளுக்கு நம் மக்கள் இட்டு வழங்கும் பெயர் பஞ்சபாண்டவர் படுக்கை என்பது. பாண்டவர்க்கும் அவற்றிற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஊர் ஊராய்ச் சென்ற துறவியர் மழைக்காலத்தில் தங்குவதற்கென அமைக்கப்பட்டவை அவை. அத்துறவியர் சமணர் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அக்குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒற்றை வரிக் கல்வெட்டொன்று உள்ளது. 1906-ஆம் ஆண்டில் அது கண்டறியப்பட்டது. இவ்வகைக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதை 1924-இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டிய பிறகே அவற்றின் பொருள் தெளிவாயிற்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய அந்த வரியில் போர் வெற்றி இல்லை. அரசனின் பட்டப்பெயர் இல்லை. காசிபன் என்பவன் கொடுப்பித்த கற்படுக்கை இது என்பதே அதன் செய்தி.

நெல்லைச் சீமையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று ஒரு படுக்கையைப் பற்றிப் பேசுகிறது என்பது சிந்திக்கத் தக்கது. அதில் படுத்தவர் பெயர் இல்லை. படுக்கை அளித்தவன் பெயர் இருக்கிறது. படுக்கையறையை இதமாகவும் வசதியாகவும் அமைப்பது எப்படி என்று இன்று பலரும் கேட்கின்றனர். புதுமனை அர்ச்சிப்புக்குச் செல்லும் வீடுகளில் அந்த அறையைத் திறந்து காட்டும்போதுதான் வீட்டுக்காரரின் முகம் அதிகம் மலர்கிறது. குற்றமில்லாத மகிழ்ச்சி அது. ஆயினும் இந்த அறையின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால், தனக்கென்று இதம் தேடியவர்களைவிடப் பிறர் உறங்குவதற்கு இடம் அமைத்துத் தந்தவர்களே அவ்வரலாற்றில் மிகுதியாக நிற்கக் காண்கிறோம். அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல். 'பள்ளி' என்றால் இன்று நமக்குக் கல்விக்கூடம். பழந்தமிழில் அது படுக்கை, படுக்குமிடம். துறவியரின் படுக்கை இருந்த இடம் அவர்களின் உறைவிடமாயிற்று; அவர்களிடம் பிள்ளைகள் கற்கச் சென்றதால் அவ்விடம் கல்விக்கூடமாயிற்று. கோவிலில் பள்ளியறை என்றும் பள்ளியெழுச்சி என்றும் சொல்லும்போது பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. இசுலாமியச் சகோதரரின் தொழுமிடமும் பள்ளிவாசல் ஆனது. ஒரு சமூகத்தின் கல்வியும் வழிபாடும் படுக்கையைக் குறித்த ஒரு சொல்லிலிருந்து கிளைத்தன என்றால், உறங்குமிடத்தை நம் முன்னோர் அற்பமாக எண்ணவில்லை என்பது தெளிவு.

சங்க இலக்கியத்தில் படுக்கையறையை நக்கீரரைப் போல் விரிவாகக் காட்டியவர் வேறெவரும் இல்லை. அவருடைய நெடுநல்வாடை பாண்டியன் நெடுஞ்செழியன் மீது பாடப்பட்டது என்பது மரபு. வாடைக்காற்று வீசும் கூதிர்க்காலம். வேனிற்பள்ளி, அதாவது கோடையில் தென்றல் வரும்படி அமைத்த உறங்குமிடம், கதவடைக்கப்பட்டுக் கிடக்கிறது. விசிறிகள் முளையில் தொங்க, அவற்றில் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. குளிர் காய அகன்ற வாயுடைய தடவுகளில் நெருப்பு இடுகிறார்கள். பருவத்திற்கேற்ப உறங்குமிடத்தை மாற்றி அமைக்கும் கலை அக்காலத்திலேயே நம்மவர்க்குக் கைவந்திருந்தது. அதன்பின் அரசியின் கட்டிலை வருணிக்கிறார். நாற்பது வயதான களிற்றின் தந்தத்தால் இழைத்த கட்டில். அன்னத்தின் தூவி பரப்பிய மெத்தை. மேலே ஓவியம் தீட்டிய விதானம். இவ்வளவும் இருந்தும் அரசிக்கு உறக்கமில்லை. கணவன் போர்ப் பாசறையில் இருக்கிறான். அணிகளைக் களைந்து, கண்ணீரோடு விழித்திருக்கிறாள். பாசறையிலோ அரசனும் உறங்கவில்லை. நள்ளிரவில், பந்தங்கள் ஒளி காட்ட, ஓர் இளைஞன் தோளில் கைவைத்து, புண்பட்ட வீரரைத் தேடிச் சென்று ஆறுதல் கூறிக்கொண்டிருக்கிறான். தந்தக் கட்டிலை இத்தனை நுணுக்கமாக வருணித்த புலவர், அதில் ஒருவரையும் உறங்கவைக்காமலே பாட்டை முடித்துவிடுகிறார்!

தந்தக் கட்டில் என்றதும் இறைவாக்கினர் ஆமோசு நம் நினைவுக்கு வருவார். தந்தம் இழைத்த படுக்கைகளில் சாய்ந்து, தம் மக்களுக்கு வரும் அழிவைப் பற்றிக் கவலையற்றிருந்த சமாரியச் செல்வரை அவர் தம் நூலின் ஆறாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். அது வெறும் உவமை அன்று. சமாரியாவில் நடந்த அகழாய்வில் தந்தச் செதுக்குகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. நக்கீரரின் அரசன் புண்பட்டவரிடம் சென்றான். ஆமோசு கண்ட செல்வர் எழுந்திருக்கவே இல்லை. கட்டில்கள் ஒன்றே என்றாலும் படுப்பவர் ஒன்றல்ல.

புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. புலவர் மோசிகீரனார் வழிநடந்த களைப்போடு சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்குள் வருகிறார். அங்கே அரச முரசு வைக்கும் கட்டில், மெல்லிய மலர் பரப்பப்பட்டு, வெறுமையாக இருக்கிறது. முரசை நீராட்டக் கொண்டு சென்றிருக்கிறார்கள். அது இன்ன கட்டில் என்று அறியாமல் புலவர் ஏறி உறங்கிவிடுகிறார். முரசுக்கட்டில் வழிபாட்டிற்குரியது; அதில் ஏறியவனை வாளால் இரு கூறாக்கினாலும் கேட்பாரில்லை. அரசன் வந்தான், பார்த்தான், விசிறியை எடுத்து, புலவர் விழிக்கும்வரை நின்று வீசினான். தமிழ் மண்ணில் படுக்கையை இதமாக்கிய செயல்களை வரிசைப்படுத்தினால் இதற்கு முதலிடம் தருவேன். மின்விசிறி இல்லாத காலத்தில் காற்று என்பது ஒருவருடைய கையிலிருந்துதான் வரவேண்டும். பிள்ளை உறங்கும்வரை பனையோலை விசிறியை அசைத்த பாட்டிமார் நம் தலைமுறையிலும் இருந்தனர்.

அரண்மனையை விட்டு நம் புளியங்குடிக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசிக்கும் இராசபாளையத்திற்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்த இவ்வூர் எலுமிச்சைச் சந்தைக்குப் பெயர்பெற்றது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இங்கும் சுற்றுப்புறத்திலும் உள்ள பழைய வீடுகளில் நுழைந்து படுக்கையறை எது என்று கேட்டால் பெரியவர்கள் விழிப்பார்கள். தார்சா உண்டு, பட்டாசல் உண்டு, அரங்கு உண்டு, அடுக்களை உண்டு, மேலே தட்டட்டி உண்டு. படுப்பதற்கென்று ஓர் அறை கிடையாது. பகலில் நெல் அளந்த இடத்தில் இரவில் பாய் விரியும். விடிந்ததும் பாய் சுருண்டு மூலைக்குப் போகும். படுக்கையறை என்பது அவ்வீட்டில் ஓர் இடமன்று, ஒரு வேளை.

இடமும் பருவத்தோடு நகரும். சித்திரை, வைகாசியில் ஆண்களும் பிள்ளைகளும் தட்டட்டிக்கும் முற்றத்திற்கும் போய்விடுவார்கள். ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் மலைக்கணவாய் வழியே வரும் மேல்காற்று இரவெல்லாம் கதவைத் தட்டும். அப்போது அனைவரும் பட்டாசலுக்குள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இன்னும் உள்ளே. புதுமணத் தம்பதியர்க்கு மட்டும் அரங்கு ஒழித்துக் கொடுக்கப்படும். நெல்லும் பித்தளையும் வெங்கலமும் வைத்துப் பூட்டும் அறை அது. வீட்டின் செல்வம் இருக்குமிடமே புதியவளுக்கு உறங்குமிடமாயிற்று. நெசவாளர் வீடுகளில் நிலைமை வேறு. வீட்டின் நல்ல வெளிச்சமுள்ள பகுதியைத் தறியும் தறிக்குழியும் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடத்தில் குடும்பம் படுக்கும். தறிக்குப் போக மிச்சமே தலைக்கு.

இதைப் பழைமையின் பெருமையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. அந்த ஏற்பாட்டில் தனிமை இல்லை. நோயுற்றவர்க்கு அமைதி இல்லை. பெண்கள் எல்லாரும் படுத்தபின் படுத்து எல்லாரும் எழுமுன் எழுந்தனர். நண்பன் நள்ளிரவில் வந்து அப்பம் கேட்கும் உவமையில், பிள்ளைகள் தன்னோடு படுத்திருப்பதால் எழ இயலாது என்று வீட்டுக்காரன் சொல்வதை லூக்கா நற்செய்தியின் பதினோராம் அதிகாரம் கூறுகிறது. ஒற்றையறை வீட்டில் வாழ்ந்தவர்க்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஒருவன் எழுந்தால் வீடே எழும். ஐரோப்பாவிலும் தனிப் படுக்கையறை நெடுங்காலம் செல்வர்க்கும் அரிதாகவே இருந்தது. பிரான்சின் பதினான்காம் லூயி மன்னன் 1701-இல் தன் படுக்கையறையை வெர்சாய் அரண்மனையின் நட்டநடுவில் அமைத்தான்; அவன் எழுவதையும் படுப்பதையும் காண அவையோர் முறைவைத்துக் கூடி நின்றனர். அதைத் தனிமை என்று யார் சொல்வார்?

பாயைப் பற்றிச் சொல்லாமல் நம் நாட்டு உறக்கத்தின் வரலாறு நிறைவுறாது. சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடை, சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர். உலகம் அதை அறிந்தது பாயினால். ஆற்றோரத்தில் விளையும் கோரையைப் பசுமையாக அறுத்து, கீறி, வெயிலில் உலர்த்துவர். பின்னர் நாட்கணக்கில் நீரில் ஊறவைப்பர். ஊறிப் பருத்த கோரையை மீண்டும் உலர்த்தி, நூலிழைபோல் மெல்லியதாகக் கிழிப்பர். பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, இந்த இழையை ஊடாகக் கோத்து நெய்வர். மேல்தரமான பாய் பட்டுத்துணிபோல் மடியும். அதை நெய்து முடிக்க வாரங்கள் ஆகும். இப்பணியைப் பெரும்பாலும் செய்வோர் அவ்வூர் இசுலாமியக் குடும்பங்களின் பெண்கள். 1953-இல் இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் அரசியார் முடிசூட்டிக்கொண்டபோது பத்தமடைப் பாய் பரிசாகச் சென்றது என்று ஊரார் பெருமையோடு கூறுவர். புவிசார் குறியீடும் இப்பாய்க்குக் கிடைத்துள்ளது.

அரசிக்குப் போன பாயைவிட என் மனத்தைத் தொடுவது திருமணப் பாய். மணமகன், மணமகள் பெயர்களையும் மணநாளையும் பாயிலேயே நெய்து தருவார்கள். இந்து வீட்டு மணமக்களும் கிறித்தவ வீட்டு மணமக்களும் முதன்முதலாக அமரும் பாயை, ஒருநாளும் அவர்களைப் பார்த்திராத ஓர் இசுலாமியத் தாய் கோரை கோரையாய்க் கோத்திருப்பாள். மறுகால்தலையில் கொடுத்தவன் பெயர் நின்றது, படுத்தவர் பெயர் மறைந்தது. இங்கே படுப்பவர் பெயர் நிற்கிறது, நெய்தவள் பெயர் எங்கும் இல்லை. இன்று நெகிழிப் பாய் எங்கும் மலிந்துவிட்டது. அது விலை குறைவு, நனைந்தால் கெடாது. ஆனால் அதில் காற்றுப் போக வழியில்லை. கோடை இரவில் முதுகு வியர்த்து ஒட்டும். கோரை வியர்வையை உள்வாங்கிக் காற்றை விடும். எந்தப் பாயில் படுத்தால் உடலுக்கு என்ன விளையும் என்று வகைப்படுத்திக் கூறும் பழஞ்செய்யுள்கள் சித்த மருத்துவத்தில் உண்டு. அவற்றை எல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கோரை குளிர்ச்சி என்ற ஒன்றை மட்டும் நம் முதுகே சான்றாகக் கூறும்.

இனி நாம் அறிந்த 'வசதியான படுக்கையறை' எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி கடல்வழியாக வந்தது. சன்னல், அலமாரி, சாவி ஆகிய மூன்றும் போர்த்துக்கீசியச் சொற்கள். துவாலையும் மேசையும் அவ்வாறே. முத்துக்குளித்துறைக்குப் புனித சவேரியார் வந்த 1542-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கப்பல்கள் கொண்டுவந்த சொற்கள் இவை. காற்றும் ஒளியும் வரும் வழிகள் நம் வீடுகளில் முன்பே உண்டு. காலதர், சாளரம் என்ற பெயர்களும் உண்டு. ஆயினும் பூட்டி வைப்பதற்கும் தனித்திருப்பதற்கும் உரிய சொற்கள் ஒருங்கே வந்து குடியேறியது கவனிக்கத்தக்கது. இதற்கு எதிர்மாறாகக் கட்டில் என்னும் சொல் நம்மிடமிருந்து போனது. ஆங்கிலத்தில் 'காட்' என்பது இந்தியின் 'காட்' என்பதிலிருந்தும் அது வடமொழிக் 'கட்வா'விலிருந்தும் பிறந்தது. அதற்கும் மூலம் திராவிடச் சொல்லே என்று மொழியறிஞர் சிலர் கருதுகின்றனர். கயிற்றால் கட்டப்பட்டது கட்டில். கட்டிலைக் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டோம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அதே சவேரியார் கோவா மருத்துவமனையில் தங்கியிருந்த நாட்களில், மிகவும் கடுமையான நோயாளியின் கட்டிலருகே தரையில் படுத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். நோயாளி இரவில் கூப்பிட்டால் உடனே எழுவதற்காக. அவர் இறந்ததும் சீனக் கரைக்கு அருகே சான்சியன் தீவில் ஒரு குடிசையில். 1552 டிசம்பர் 3.

திருஅவையின் துறவு மரபிலும் படுக்கை சிறு செய்தியாகக் கருதப்படவில்லை. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனதிக்து எழுதிய ஒழுங்கின் 22-ஆம் அதிகாரம் முழுவதும் துறவியர் உறங்கும் முறையைப் பற்றியது. ஒவ்வொருவர்க்கும் தனிப் படுக்கை. விடியும்வரை அறையில் ஒரு விளக்கு. இளையவர் ஒருபுறமாக இல்லாமல் முதியவர்க்கு இடையிடையே. 55-ஆம் அதிகாரம் படுக்கைக்கு வேண்டியவற்றைக் குறிக்கிறது. ஒரு பாய், ஒரு கம்பளி, ஒரு போர்வை, ஒரு தலையணை. அவ்வளவே. நம் சாதாரணக் குடும்பத்தின் மூலையில் சுருட்டி வைத்திருப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அதே ஒழுங்கின் 36-ஆம் அதிகாரம் நோயுற்ற சகோதரர்க்கெனத் தனி அறை ஒன்றும், அவர்களைக் கவனிக்க அக்கறையுள்ள பணியாளர் ஒருவரும் வேண்டும் என்கிறது. நலமுள்ளவர்க்குப் பொதுக்கூடம் போதும், நோயாளிக்குத் தனி அறை வேண்டும் என்று பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு துறவி கண்ட முறைமையை நம் புதுமனைகளில் தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அது தலைகீழாக இருக்கிறது.

ஓர் அறையை அன்போடு அலங்கரித்த கதை ஒன்று திருவிவிலியத்திலேயே உண்டு. அரசர்கள் இரண்டாம் நூலின் நான்காம் அதிகாரம். சூனேம் ஊரில் ஒரு செல்வப் பெண். இறைவாக்கினர் எலிசா அவ்வழியே அடிக்கடி வருவதைக் கண்டு, வீட்டின் மேல்தளத்தில் ஒரு சிற்றறை கட்டி, அதில் கட்டில், மேசை, நாற்காலி, விளக்கு வைப்போம் என்று கணவனிடம் கூறுகிறாள். நான்கே பொருள்கள். களைத்து வருபவன் படுக்க, எழுத, அமர, காண எவை வேண்டும் என்று எண்ணிப் பார்த்தவளின் பட்டியல் அது. நம் ஊரில் தட்டட்டிமேல் ஒற்றை அறை எடுப்பவர்கள் இவ்வதிகாரத்தை ஒருமுறை படிக்கலாம். பின்னர் அவளுக்கு மகன் பிறக்கிறான்; சிறுவனாகவே இறந்தும் போகிறான். அவனைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போகிறாள்? அந்த மாடியறைக்கு. பிறருக்காகத் தான் போட்ட அந்தக் கட்டிலில் பிள்ளையைக் கிடத்திவிட்டு, எலிசாவைத் தேடிப் புறப்படுகிறாள். அதே கட்டிலில்தான் பிள்ளை மீண்டும் கண் திறக்கிறான்.

மீண்டும் நம் தெருவுக்கு வருவோம். காரைத் தளமும் நாட்டு ஓடும் போய்க் கான்கிரீட்டு வந்தபின் நம் இரவுகள் மாறின. நண்பகலில் தளம் வாங்கிய வெப்பம் அதன் கனத்தைக் கடந்து உட்புறம் இறங்கச் சில மணி நேரம் ஆகிறது. ஆகவே வெளியே காற்றுக் குளிரும் நேரத்தில் அறை கொதிக்கிறது. குளிர்சாதனம் வாங்க இயன்றவர் வாங்குகின்றனர். இயலாதவர் செய்யத்தக்கவை சில உண்டு. தளத்தின் மேற்புறம் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெப்பம் கணிசமாகக் குறையும். எதிரெதிர்ச் சுவரில் திறப்புகள் இருந்தால் காற்று நடக்கும். மெத்தையை வாரந்தோறும் வெயிலில் போடுவது நம் தாய்மார் அறிந்த பழக்கம். இலவம்பஞ்சு மெத்தை நாளடைவில் கட்டிதட்டும். பிரித்து அடித்துத் திருப்பித் தைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பெரும்பொருள் வேண்டியதில்லை.

ஆயினும் தென்காசி மாவட்டத்தில் படுக்கையறையைப் பற்றிப் பேசுகிறவர் பீடியைப் பற்றிப் பேசாமல் கடந்துபோக முடியாது. இம்மாவட்டத்தில் பல்லாயிரம் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றிக் குடும்பம் காக்கின்றனர். மடியில் தட்டு, தட்டில் இலையும் புகையிலைத் தூளும். பகலெல்லாம் தூள் பறந்த அதே தரையில் இரவில் குழந்தைக்குப் பாய் விரிகிறது. உறங்கும் பிள்ளையின் மூச்சில் அத்தூள் கலக்கிறது. இந்த வீட்டில் படுக்கையறையை இதமாக்குவது என்றால் திரைச்சீலை வாங்குவதன்று. தூளை மூடியுள்ள பெட்டியில் வைப்பது, சுற்றும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் இயன்றவரை பிரிப்பது, உலர்ந்த விளக்குமாற்றால் கூட்டித் தூசி எழுப்பாமல் ஈரத்துணியால் துடைப்பது. இடமிருந்தால்தானே பிரிப்பது என்று அவர்கள் கேட்பது நியாயம். 2016-இல் தொடங்கிய நடுவண் அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி. குடிசைக்கு இது பெரும் முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஐந்து பேர் படுக்கும் அந்த அளவுக்குள் பீடித் தட்டும் அடுப்பும் பாடப்புத்தகமும் இடம் கேட்கின்றன. நம் பங்குகளில் உள்ள கூடங்களும் பள்ளி அறைகளும் வாரத்தில் பல நாள் பூட்டிக் கிடக்கின்றன. பகலில் பெண்கள் காற்றோட்டமாக அமர்ந்து வேலை செய்ய அவற்றைத் திறந்துவிட்டால், வீட்டுத் தரை குழந்தைக்கு மிஞ்சும். இதைப் பங்குப் பேரவைகள் பேசவேண்டும். சாவி நம்மிடம்தான் இருக்கிறது.

மற்றொரு செய்தியும் உண்டு. நோயிற்பூசுதல் வழங்கச் செல்லும் குருக்கள் வீட்டின் முன்வாசலை விடப் பின்வாசலை அதிகம் அறிவர். முன்னறையில் இரட்டைக் கட்டில், நுரை மெத்தை, நிலைக்கண்ணாடி. மகனும் மருமகளும் வெளியூரிலிருந்து ஆண்டுக்கு இருமுறை வந்து தங்குவதற்காக. மூதாட்டியின் கட்டிலோ புறவாசல் தாழ்வாரத்தில், விறகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே. இதைக் கொடுமை என்று உடனே தீர்ப்பிட எனக்கு மனம் வருவதில்லை. கழிப்பறை அருகில் என்பார்கள். கிழவிக்கு அதுதான் பழக்கம் என்பார்கள். பல வேளைகளில் கிழவியே முதலில் ஒதுங்கியிருப்பாள். நல்ல அறையை வருகிறவர்க்கென்று காப்பது நம் பண்பு. அங்கேயே இருப்பவர் விருந்தினராகத் தோன்றுவதில்லை என்பதுதான் சிக்கல்.

புளியங்குடிப் பக்கத்தில் ஒரு வீடு. ஆடி மாதம், மேல்காற்று ஓங்கி அடித்த மாலை. தாழ்வாரத்தில் படுத்திருந்த பாட்டியம்மாவுக்குத் திருஎண்ணெய் பூசி முடித்தபின், ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். "மல தெரியணும் சாமி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முன்னறைச் சன்னல் மேற்கு பார்த்தது. மகன் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு உள்ளே போய் இரட்டைக் கட்டிலின் மெத்தையைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தார். தெருவிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டார். நான்கு பேருமாகப் பாட்டியம்மாவோடு சேர்த்தே கட்டிலைத் தூக்கினார்கள். பட்டாசல் வரை தடையில்லாமல் வந்தது. முன்னறையின் நிலை குறுகல், கட்டில் நுழையவில்லை. பாட்டியம்மாவைப் பாயோடு இறக்கித் தரையில் வைத்துவிட்டு, ஒருவர் ஓடிப்போய்ச் சுத்தியல் வாங்கி வந்தார். கட்டிலின் ஒரு காலைக் கழற்ற வேண்டியிருந்தது.